வீட்டு இன்சுலேஷனுக்கு அரசு மானியம்: இங்கிலாந்தில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளுக்கு இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் உறை), ஹீட் பம்ப் (வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி), சோலார் போன்றவற்றை அரசு தன் செலவில் போட்டுத் தருகிறது. இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பணமாகக் கையில் தரமாட்டார்கள். வேலையாகச் செய்து தருவார்கள். இதைக் கேள்விப்படும் நம்மவர்களில் சிலர், இலவசம் என்றாலே ஏமாற்று என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் கதவைத் தட்டிய முதல் ஆளிடமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் நட்டம்தான்.

எங்கள் வீட்டு வேலை ஒருவழியாக முடிந்தது. தகுதி முதல் நாளிலிருந்தே இருந்தது. இழுபட்டது முழுக்கத் தாள்களால். ஒரு தாளில் இருக்கும் பெயரும் முகவரியும் வருமானமும் அடுத்த தாளோடு ஒத்துப்போகாவிட்டால் உங்கள் விண்ணப்பம் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியில் தூங்கும். அதனால் இந்தக் கட்டுரையில் தாள்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. எந்தத் திட்டம் உங்களுக்கு?

இப்போது இங்கிலாந்தில் முதலில் பார்க்க வேண்டியது 'வார்ம் ஹோம்ஸ்: லோக்கல் கிராண்ட்'. 2025 ஏப்ரலில் தொடங்கியது, 2028 மார்ச் வரை ஓடுகிறது. பணம் மத்திய அரசுடையது. நடத்துபவை உள்ளூர் கவுன்சில்கள். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் தனியார் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் உரியது. கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருந்தால் இதில் விண்ணப்பிக்க வேண்டாம். அந்த வீடுகளுக்கு வேறு நிதி இருக்கிறது, அதை வீட்டு உரிமையாளரான அமைப்புதான் கேட்டு வாங்க வேண்டும். அவர்களிடமே போய்க் கேளுங்கள்.

பலரும் சொல்லும் 'ஈகோ 4' என்பது வீடுகளில் இன்சுலேஷன் போன்ற வேலைகளைச் செய்து தரும்படி கேஸ், மின்சார நிறுவனங்களின் தலையில் அரசு வைத்த கடமை. அது முடிவுக்கு வருகிறது; அதற்கு அடுத்த கட்டம் கிடையாது என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். இன்றும் யாராவது "ஈகோவில் அவசரமாகச் செய்து தருகிறோம்" என்று துரத்தினால் அந்த அவசரம் அவர்களுடையது, உங்களுடையது அல்ல.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு 'வார்மர் ஹோம்ஸ் ஸ்காட்லாந்து', வேல்ஸில் 'நெஸ்ட்' என்று தனித் திட்டங்கள் உண்டு. கீழே நான் சொல்லும் தொகைகளும் வரம்புகளும் இங்கிலாந்துக்கு மட்டுமே.

2. தகுதி இருக்கிறதா?

இரண்டு கேள்விகள். வீட்டின் எரிசக்தித் தரச் சான்றிதழ், அதாவது இ.பி.சி., டி முதல் ஜி வரையான தரத்தில் (ஏ மிகச் சிறந்தது, ஜி மிக மோசம்) இருக்கிறதா? குடும்பத்தின் வருமானம் குறைவு என்று காட்ட முடியுமா?

இரண்டாவதைக் காட்ட மூன்று வழிகள் இருக்கின்றன. யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் போல வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி ஏதாவது ஒன்றை வீட்டில் ஒருவர் பெறுவது முதல் வழி. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 36,000 பவுண்டு அல்லது அதற்குக் கீழே இருப்பது அடுத்தது. மூன்றாவது, அரசு குறித்து வைத்திருக்கும் வறுமை மிகுந்த அஞ்சல் குறியீடு ஒன்றுக்குள் உங்கள் வீடு இருப்பது. இந்த மூன்றில் ஒன்று போதும். மூன்றாவது வழியை நம்மவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. வருமானம் வரம்பைத் தாண்டினாலும் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

36,000 என்பது வரி கழிப்பதற்கு முந்தைய தொகை. கைக்கு வருவதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். வேலைக்குப் போகும் மகனோ மகளோ கூட இருந்தால் அவர்களது சம்பளமும் பெரும்பாலும் கணக்கில் சேரும். அதே நேரம் பிள்ளைகள் பலர் உள்ள பெரிய குடும்பங்களுக்கு, வாடகை அல்லது மார்ட்கேஜ் போக மிஞ்சுவதைப் பார்க்கும் இன்னொரு கணக்கும் உண்டு. வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பற்றிக் கவுன்சிலிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நீங்கள் கேட்காமல் அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

3. இ.பி.சி.யைப் படியுங்கள், எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள்

அரசின் இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் இ.பி.சி. இலவசமாகத் திறக்கும். பத்து ஆண்டுகள் செல்லும். 69 முதல் 80 வரை புள்ளிகள் என்றால் சி. 55 முதல் 68 வரை டி. 39 முதல் 54 வரை இ. சி அல்லது அதற்கு மேல் என்றால் இந்த மானியம் கிடைக்காது.

ஆனால் எழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே சுவர், கூரை, ஜன்னல், ஹீட்டிங் என்று வரிவரியாக இருக்கும். பல இடங்களில் 'ஊகம்' (assumed) என்று போட்டிருப்பார்கள். அதாவது சான்றிதழ் எழுத வந்தவர் சுவருக்குள் பார்க்கவில்லை. வீடு கட்டிய காலத்தை வைத்துக் குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பழைய சான்றிதழ் சி என்று சொல்லி, வீடோ குளிரில் விறைத்துக்கொண்டிருந்தால் அதைக் குறிப்பிட்டுக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். காசு கொடுத்துப் புது இ.பி.சி. எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் ஆய்வை அவர்கள் செலவிலேயே செய்வார்கள்.

சுவர் எந்த வகை என்று நீங்களே பார்த்துவிடலாம். வெளியே நின்று செங்கல் அடுக்கைக் கவனியுங்கள். எல்லாச் செங்கல்லும் நீளவாட்டில் தெரிந்தால் அநேகமாக இரட்டைச் சுவர், நடுவில் இடைவெளி இருக்கும். நீளமும் குட்டையும் மாறி மாறி வந்தால் அது திடச் சுவர். லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கத்து நூறாண்டு பழைய வரிசை வீடுகளில் திடச் சுவர்தான் அதிகம். இடைவெளிச் சுவருக்குத் துளை போட்டு நிரப்புவது அரை நாள் வேலை. திடச் சுவருக்கு உள்ளேயோ வெளியேயோ பலகை ஒட்ட வேண்டும், அது பெரிய வேலை. எது வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் பேச்சில் தடுமாற மாட்டீர்கள்.

4. தாள்கள்

இதற்காக ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். பொதுவாகக் கேட்பவை இவை:

- அடையாளச் சான்று: பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம். விசாவில் இருப்பவர்களுக்கு இப்போது பிளாஸ்டிக் அட்டை இல்லை, இ-விசாதான். கணக்கில் நுழைய முடிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.
- முகவரிச் சான்று: நடப்பு ஆண்டின் கவுன்சில் டாக்ஸ் பில்.
- கேஸ், மின்சார பில்.
- வருமானச் சான்று: அண்மைய சம்பளச் சீட்டுகள், கூடவே பி60 (ஆண்டு முழுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் தாள்).
- உதவி பெறுபவர்கள்: யூனிவர்சல் கிரெடிட் கணக்கிலிருந்து இறக்கிய அண்மைய அறிக்கை, அல்லது பென்ஷன் கிரெடிட் கடிதம்.
- சொந்த வீடு: நிலப் பதிவேட்டின் உரிமைப் பிரதி. வாடகை வீடு: வாடகை ஒப்பந்தம்.

வேலை கொடுப்பவர் பி60-ஐ ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் தர வேண்டும், அது சட்டம். "நம் கடைக்காரர் அதெல்லாம் தருவதில்லை" என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். டாக்சி ஓட்டுபவர்கள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் போன்ற சுயதொழில்காரர்கள் எஸ்.ஏ.302 என்ற வரிக் கணக்குச் சுருக்கத்தை வரித்துறை இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கையில் வாங்கும் காசை மறைத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டும் யோசனையை யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தின் கீழே நீங்கள் போடுவது சட்டப்படியான உறுதிமொழி.

நிலப் பதிவேட்டுப் பிரதிக்கு அரசின் இணையதளத்தில் 7 பவுண்டு. தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தனியார் தளங்கள் அதே பிரதிக்குப் பல மடங்கு வாங்குகின்றன. பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும். முகவரியைப் பார்த்து நுழையுங்கள்.

இனி நமக்கென்றே உள்ள தொல்லை: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால். வங்கியில் அதுவே பின்னால். கேஸ் பில்லில் முதலெழுத்து மட்டும். வீட்டுப் பத்திரத்தில் வேறு எழுத்துக்கூட்டல். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். தாளைச் சரிபார்க்கும் பணியாளருக்கு இவர்கள் நான்கு பேர். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்களுக்கு இன்னும் கூடுதல் அலைச்சல். விண்ணப்பிப்பதற்கு முன்பே கேஸ், மின்சாரக் கணக்குகளையும் கவுன்சில் டாக்ஸ் கணக்கையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். தொலைபேசியில் கேட்டால் மாற்றித் தருவார்கள், செலவில்லை. மாற்ற முடியாத தாள் இருந்தால், இந்த இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சிறு விளக்கக் கடிதமும் திருமணச் சான்றிதழ் நகலும் சேர்த்தே அனுப்புங்கள். கேட்ட பிறகு அனுப்பினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

வீடு இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். அண்ணன் கனடாவில் இருக்கிறார், ஆனால் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கிறது என்றால் இப்போதே அவருக்குச் சொல்லி வையுங்கள்.

கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நூலகத்தில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தாளுக்கும் தனிப் பெயர் வைத்து, ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். நகல்கள் உங்களிடம் இருக்கட்டும். ஏனென்றால் கவுன்சில் கேட்டதையே ஒப்பந்தக்காரரும் கேட்பார், அவர் அனுப்பும் ஆய்வாளரும் கேட்பார். இவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டு என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

5. வாடகை வீட்டில் இருப்பவர்கள்

வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதுவும் நகராது. அவருக்கு என்ன லாபம் என்று சொல்லி ஆரம்பியுங்கள்: ஒரு வீட்டுக்கு முழுச் செலவையும் திட்டமே ஏற்கும். அதே உரிமையாளர் இரண்டாவது வீட்டையும் சேர்த்தால் அதற்குப் பாதிச் செலவை அவர் போட வேண்டும். நம் ஆட்கள் பலர் நம் ஆட்களிடம்தான் வாடகைக்கு இருக்கிறோம். முகத்துக்கு நேரே கேட்கத் தயக்கம் இருக்கும். கேளுங்கள். அவர் வீட்டின் மதிப்புத்தான் ஏறப்போகிறது. வேலைக்குப் பிறகு இதைச் சாக்காக வைத்து வாடகையை ஏற்ற மாட்டேன் என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இ.பி.சி. எஃப் அல்லது ஜி என்றால், பதிவுசெய்த விலக்கு இல்லாமல் அந்த வீட்டை வாடகைக்கு விடுவதே சட்டமீறல். 2020 ஏப்ரலிலிருந்து எல்லா வாடகைகளுக்கும் இது பொருந்தும். இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள். கேட்டால் வெளியேற்றிவிடுவாரோ என்ற பயத்துக்கும் பதில் உண்டு: காரணம் சொல்லாமல் வெளியேற்ற உதவிய 21-ஆம் பிரிவு இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் இல்லை.

லீஸ்ஹோல்ட் பிளாட் வாங்கியவர்களுக்கு: சுவரும் கூரையும் பெரும்பாலும் உங்களுடையவை அல்ல. கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் அனுமதி வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். முதலில் அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

6. விண்ணப்பம்

அரசின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடிப் படிவத்தை நிரப்பினால் அது உங்கள் கவுன்சிலுக்குப் போகும். கட்டணம் இல்லை. படிவம் நிரப்பித் தர நம் சமூகத்திலேயே காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நிரப்பத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஆங்கிலம் சிரமம் என்றால் கவுன்சிலிடம் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

கவுன்சில்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. எல்லாருக்கும் குளிர் நினைவுக்கு வருவது நவம்பரில். அப்போது வரிசை நீண்டிருக்கும், ஆண்டுக்கான பணமும் கரைந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பியுங்கள். வெளிச்சுவர் வேலைக்கு வறண்ட வானிலை வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்ளும். விண்ணப்பம் முதல் வேலை முடிவது வரை பல மாதங்கள் ஆகும் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

7. கதவைத் தட்டுபவர்கள்

"அரசிலிருந்து வருகிறோம்", "உங்கள் தெருவில் எல்லாருக்கும் போடுகிறோம்", "இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் போய்விடும்." இதில் எதைக் கேட்டாலும் கதவைச் சாத்துங்கள். தமிழில் பேசினாலும் சாத்துங்கள். கவுன்சில் அனுப்பும் ஆள் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுத்தான் வருவார். சந்தேகம் இருந்தால் கவுன்சிலின் பொது எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேட்கலாம்.

இது வெறும் எச்சரிக்கை அல்ல. 2025 அக்டோபரில் நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஈகோ 4 திட்டத்திலும் அதன் சகோதரத் திட்டத்திலும் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்த வேண்டிய பெரிய குறைகள் இருந்தன. உட்சுவர் வேலையில் இது 29 சதவீதம். ஆகவே கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது.

8. ஆய்வாளர் வரும் நாள்

வீட்டின் ஒவ்வோர் அறையையும் அளப்பார், படம் எடுப்பார். பூஜை அறை, படுக்கையறை எல்லாம் சேர்த்துத்தான். லாஃப்டுக்குள், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணுக்குள், தலையை விட்டுப் பார்ப்பார். ஊருக்குப் போய்வந்த சூட்கேசுகள், சாமத்திய வீட்டு ஆல்பங்கள், ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டா இவையெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்சுலேஷன் 270 மில்லிமீட்டர் தடிப்பில் விரிக்கப்படும். பொருள் வைக்க இடமிருக்காது. காலி செய்வது உங்கள் பொறுப்பு. வேலையாட்கள் வரும் நாளில் லாஃப்ட் நிறைந்திருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள், அடுத்த தேதி எப்போது என்பது அவர்கள் சௌகரியம்.

ஈரம், பூஞ்சணம், சுவர் வெடிப்பு எதையும் மறைக்காதீர்கள். பெயின்ட் அடித்து அழகாக்கி வைப்பது நமக்குப் பழக்கம், ஆனால் ஈரச் சுவரின் மேல் இன்சுலேஷன் போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

9. கையெழுத்துக்கு முன்

என்னென்ன செய்யப்போகிறார்கள் என்ற திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் டிரஸ்ட்மார்க் (அரசு அங்கீகரித்த தர அமைப்பு) பதிவு பெற்றதா என்று அந்தத் தளத்தில் நீங்களே தேடுங்கள். ஹீட் பம்ப், சோலார் என்றால் எம்.சி.எஸ். என்ற தரச்சான்று அமைப்பின் பதிவும் வேண்டும். வேலை பி.ஏ.எஸ். 2035 என்ற வீட்டு எரிசக்தி மேம்பாட்டுத் தரப்படி நடக்க வேண்டும். அந்தத் தரம் வேலையை முழுக்க மேற்பார்க்க 'ரெட்ரோஃபிட் கோஆர்டினேட்டர்' என்று ஒருவரைக் கட்டாயமாக்குகிறது. அவர் பெயரையும் எண்ணையும் கேட்டுக் குறித்துவையுங்கள். பின்னால் தேவைப்படும் ஆள் அவர்தான்.

ஹீட் பம்ப் தருகிறோம் என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். மின்சார யூனிட்டின் விலை கேஸ் யூனிட்டைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தந்தால்கூட, கேஸ் பாய்லரை மாற்றுபவருக்குப் பில் குறையும் என்று உறுதி கிடையாது. பழைய மின்சார ஹீட்டரை மாற்றுபவருக்கோ நல்ல லாபம். உங்கள் வீட்டுக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெந்நீர்த் தொட்டிக்கு ஓர் அலமாரி அளவு இடம் போகும். சமையலுக்கு கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் அது என்னவாகும் என்றும் கேளுங்கள்.

10. கைக்காசு எங்கே போகும்?

இன்சுலேஷன், சோலார் போன்றவற்றுக்கு 15,000 பவுண்டு, ஹீட் பம்ப் போன்ற ஹீட்டிங்குக்குத் தனியாக 15,000 பவுண்டு என்று திட்டத்துக்கு வரம்பு இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். சொந்த வீட்டுக்காரரிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.

ஆனால் சில்லறைச் செலவுகள் உண்டு. உட்சுவர் வேலைக்குப் பிறகு பூச்சோடு விட்டுவிடுவார்கள், பெயின்ட் பெரும்பாலும் உங்கள் பாடு. ஜன்னல் திரைக்கம்பி, டிஷ் ஆன்டெனா ஆகியவற்றைத் திரும்பப் பொருத்துவது யார் என்று எழுதி வாங்குங்கள். பார்க்கிங் பர்மிட் உள்ள தெருவில் வேலையாட்களின் வேனுக்கு விருந்தினர் பர்மிட் நீங்கள் வாங்க வேண்டி வரலாம். வெளிச்சுவர் வேலை ஒன்றிரண்டு வாரம் நடந்தால் அதுவே ஒரு தொகை. வேலை நாட்களில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் விடுப்பும் போகும்.

11. வேலை முடிந்த பின்

வேலையாட்கள் வண்டி ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். லாஃப்டின் மூலைகள், ஜன்னல் ஓரங்கள், வெளிச்சுவரின் அடிவிளிம்பு, மழைநீர்க் குழாய் திரும்பப் பொருத்திய இடம். இன்சுலேஷனோடு காற்றோட்டத்துக்கு விசிறியும் ஜன்னல் துவாரங்களும் வைத்திருப்பார்கள். நம் சமையலறையில் சோறு வடிப்பதும் குழம்பு கொதிப்பதுமாக நாள் முழுக்க ஆவி எழும். விசிறிச் சத்தம் பிடிக்கவில்லை என்று நிறுத்துவதும், குளிர் வருகிறது என்று துவாரத்தில் டேப் ஒட்டுவதும் அடுத்த குளிர்காலத்தில் சுவரில் கறுப்பாகத் தெரியும். பிறகு அந்தப் பூஞ்சணத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று நிறுவனம் எழுதும்.

வாங்கி வைக்க வேண்டியவை: புதிய இ.பி.சி., டிரஸ்ட்மார்க் சான்று, சுவர் இன்சுலேஷனுக்கு 25 ஆண்டு உத்தரவாதம், ஹீட் பம்ப் அல்லது சோலாருக்கு எம்.சி.எஸ். சான்று. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் இவற்றைக் கேட்பார். தாமாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

குறை தெரிந்தால் முதலில் நிறுவனத்துக்கும் கோஆர்டினேட்டருக்கும் ஒரே மின்னஞ்சல், தேதியுடன், படங்களுடன். நகல் கவுன்சிலுக்கு. பதில் இல்லை என்றால் டிரஸ்ட்மார்க்கின் முறையீட்டு வழி, அதோடு உத்தரவாதம் கொடுத்த அமைப்பு. எங்கள் வீட்டில் மழைநீர்க் குழாயைச் சுவரோடு சேர்க்காமல் விட்டுப் போனவர்கள், கவுன்சிலுக்கு நகல் போன பிறகுதான் ஏணியோடு திரும்பி வந்தார்கள்.